உப்புத் தீவின் ஏழாவது கதவு

போத்தனூரில் அற்புதத்தின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "கோட்டை கட்டற அம்மா ஊடுங்களா? ரயில்வே லைன் ஊட்டுல கடைசிங்க" என்பார்கள். கோட்டை என்றால் கல்லும் காரையும் அல்ல. முட்டை வெள்ளைக்கரு, இடித்துச் சலித்த சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, வெளுப்பு ஏறுவதற்கு ஒரு துளி நீலச் சாயம், அவ்வளவுதான். இன்று கட்டிய மதில் நாளைக் காலைக்குள் கல்லாக இறுகிவிடும். உள்ளே ரம்மில் ஊறிய பழங்களோடு பிளம் கேக் இருக்கிறது என்றால், கத்தியை இறக்கும்வரை யாரும் நம்ப மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர்ப் பக்கம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கல்யாணம் என்றால் கேக் கட்டாயம். எல்லா இடத்திலும் ஒரே அச்சுத்தான். மூன்று தட்டு, இடையில் பிளாஸ்டிக் தூண், உச்சியில் கோட்டு போட்ட மாப்பிள்ளைப் பொம்மையும் கவுன் போட்ட பெண் பொம்மையும். அற்புதத்தின் கேக்கில் அந்தப் பொம்மைகள் கிடையாது. கடலுக்கு நடுவே உப்பால் எழுந்த ஒரு கோட்டை இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில், ஏழு கதவு. கோபுரத்தின்மேல் இறக்கை விரித்த குதிரை, அலைமேல் கண் வரைந்த படகு. கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு மூலையில் காக்கைமூக்கி என்ற சூனியக்காரியும் நிற்பாள். ஒரு தடவை பங்குச் சாமியார் அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா அற்புதம், ஆசீர்வாதம் வாங்கற எடத்துல பிசாசுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "பிசாசு இல்லீங்க சாமி, கதையில வர்றவ" என்றாள் அற்புதம். காக்கைமூக்கியின் மூக்கை முதலில் கிள்ளித் தின்றவர் அந்தச் சாமியார்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அந்தக் கதை கரோலினுடையது. எழுதியவர் யாரோ ஒருவர். சிறுவர்களுக்கான மாத இதழ் ஒன்றில் 'உப்புத் தீவு' என்று தொடராக வந்தது. ஆனால் அற்புதத்தைப் பொறுத்தவரை அது கரோலின் சொன்ன கதை. கரோலின் அவளுக்கும் பிராங்க்குக்கும் ஒரே மகள். அற்புதம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அவள் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அதனால் அவள் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை அடிக்க உட்கார்ந்தால், மகள் அரிசி டின்மேல் ஏறி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். காக்கைமூக்கி பேசுகிற இடம் வந்தால் மூக்கால் பேசுவாள். முத்துநகை என்ற இளவரசியை ஏழு கதவுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக ஆறு கதவுகளைத் திறந்துவிட்டாள். கடலைப் பார்த்த ஏழாவது வெளிக்கதவில் கை வைத்தபோது 'அடுத்த இதழில்' என்று போட்டுவிட்டார்கள்.

அந்த அடுத்த இதழ் வருவதற்குள் கரோலினுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எண்பத்தொன்பது ஆகஸ்டில், பதினோரு வயதில், பதின்மூன்றே நாளில் போய்விட்டாள். பிராங்க் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கும்படி பேச்சுக் குறைந்த மனிதர். அவர் பேப்பர் கடைக்குப் போய், "இனி அந்தப் புஸ்தகம் போட வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். முத்துநகை ஏழாவது கதவோடு நின்றுபோனாள்.

மறு வருஷம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அற்புதம்தான் கேக். சர்க்கரை ரோஜா போட உட்கார்ந்தவள் மதிலைப் போட்டுவிட்டாள். ஒரு மதில் போட்ட பிறகு இரண்டாவது மதில் போடாமல் இருக்க முடியவில்லை. அடுக்களையைச் சாத்திவிட்டுப் படுத்து, விடிந்ததும் வந்து பார்த்தபோது, கேக்கின் பின்பக்கம், அடி மதிலில், ஒரு விரல் வழித்த தடம் இருந்தது.

கரோலினுக்கு அந்தத் திருட்டுப் புத்தி உண்டு. ஐசிங் இறுகுவதற்குமுன் பின்பக்கமாகப் போய், விரலால் ஒரு வழி வழித்து நக்கிவிடுவாள். முன்பக்கத்தைத் தொட மாட்டாள், அதில் மட்டும் யோக்கியம். அந்த விரலின் அகலம் பெற்றவளுக்குத் தெரியாதா? அற்புதம் தன் சுண்டுவிரலை அதில் வைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. அவள் பயப்படவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வந்துட்டியா கண்ணு" என்று கேட்டாள். பதில் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் தவறவில்லை. ஒவ்வொரு கோட்டையிலும், விடியும்போது, பின்பக்கம் அதே தடம் இருந்தது. அவள் அதைப் பூசி மறைப்பதில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் கேக்கின் முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி அவளே வைத்துவிட்டுத்தான் வருவாள். பிராங்க் எலி என்றார். எலிப்பொறி வாங்கி, தேங்காய்ச் சில்லுச் சொருகி வைத்தார். ஆறு வருஷத்தில் அந்தப் பொறியில் மாட்டியது பிராங்கின் கட்டைவிரல் மட்டும்தான். எலிக்கு விரல் நுனியில் ரேகை இருக்குமா என்று அற்புதமும் அவரிடம் கேட்டதில்லை. அவர் நம்பவில்லை என்றால் போகட்டும், நம்பிவிட்டால்தான் பேச வேண்டி வரும்.

ஊருக்கு அவள்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. மகளுக்காக ஒரு நினைவுப் பூசை வைத்தவள் இல்லை. கல்லறைத் திருநாள் அன்று ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைக்குப் போகும், அவள் போக மாட்டாள். "பெத்த மனசா, கருங்கல்லா" என்று காதுபடவே பேசினார்கள். அவள் கணக்கு வேறு. வந்து போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எதற்கு, ஆத்துமா அடங்குவதற்கு வைக்கிற இளைப்பாற்றிப் பூசை? பூசை வைத்து, அது பலித்துத் தொலைத்தால்?

ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. கரோலினோடு படித்த பிள்ளைகள் தாவணி போட்டார்கள், காலேஜுக்குப் போனார்கள். அந்தத் தடம் மட்டும் அப்படியே பதினோரு வயதாக இருந்தது.

தொண்ணூற்றாறு ஆனியில் காங்கேயத்திலிருந்து ஒரு கார் வந்தது. எண்ணெய் ஆலை வைத்திருக்கும் அங்கப்பனும் அவருடைய மகள் சண்முகப்ரியாவும். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பத்திரிகையும் வைத்து நீட்டினார் அங்கப்பன்.

"ஏனுங்கம்மா, எங்க சனத்துல கேக்கு வெட்டற பழக்கமெல்லாம் இல்லீங்க. பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்கிறா. ஆவணியில கல்யாணமுங்க, சாய்ந்தரம் ஆலைக் களத்துலதான் வரவேற்பு. நீங்கதான் செஞ்சு தரோணும்."

அற்புதம் தட்டை வாங்கிக்கொண்டாள். சண்முகப்ரியா அதுவரை சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கல்யாணத்தில் எடுத்த கேக்கின் படம்.

"அக்கா, இது உப்புத் தீவுதானுங்க?" என்றாள்.

ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை வெளியாள் வாயிலிருந்து அற்புதம் கேட்டதில்லை.

"சிநேகிதி கல்யாணத்துல பாத்தேனுங்க்கா. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நான் பத்தாவது படிக்கறப்ப வந்த கதை. மாசாமாசம் வெட்டித் தெச்சு வெச்சிருக்கேன்." பையிலிருந்து பழுப்பேறிய ஒரு கட்டை எடுத்து நீட்டினாள். "ஆனா எல்லாரு கேக்குலயும் ஏழாவது கதவு மூடியே இருக்குதுங்களே. எனக்குக் கடைசியில வாரதுதான் வேணும். அதுல அந்தக் கதவு..."

"சொல்லாதீங்க அம்மணி" என்றாள் அற்புதம்.

சொன்ன வேகத்தில் அப்பனும் மகளும் திகைத்துப்போனார்கள். அவளே சமாளித்து, "எனக்கு அதுவரைக்குந்தான் தெரியுமுங்க. மூடின கதவுதான் நல்லா வரும்" என்றாள். அங்கப்பன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மங்களகாரியத்துல கதவ மூடி வெக்கறதாவதுங்க? தொறந்தே செஞ்சு குடுங்க" என்றார். சண்முகப்ரியா கட்டை அரிசி டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அற்புதம் அதை எடுத்து அலமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் செருகினாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கதை பாதியில் நின்றதால்தான் பிள்ளை மீதியைக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கதை முடிந்துவிட்டால் எதற்கு வருவாள்? முத்துநகை வெளியே போனால் கரோலினும் போய்விடுவாள். அந்த ஒரு விரல் தடத்தைத் தவிர அற்புதத்துக்கு இந்த உலகத்தில் மிச்சம் என்று எதுவும் இல்லை. கேக் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தாள். சொன்னால் ஒரு தடம் குறையும். அதற்கும் மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், அவள் வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தாள். பிராங்க் அடுக்களைக்குள் வந்தார். அவர் அடுக்களைக்குள் வருவதே அபூர்வம். கையில் அந்தக் கட்டு இருந்தது. அரிசி டின்மேல் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி இதழைப் பிரித்தார்.

"அதை வெச்சுப்போட்டு வாங்க" என்றாள் அற்புதம்.

அவர் கேட்கவில்லை. படிக்க ஆரம்பித்தார். காக்கைமூக்கி பேசுகிற இடத்தில், ஐம்பது வயது ரயில்வேக்காரர், மூக்கால் பேசினார். அப்படியென்றால் அந்த நாட்களில் கூடத்தில் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அற்புதத்தால் அதற்குமேல் அவரைத் தடுக்க முடியவில்லை.

கடைசி இதழில் காக்கைமூக்கி சிரிக்கிறாள். ஆறு கதவுகளைத்தான் நான் பூட்டினேன், ஏழாவதைப் பூட்டியது நான் அல்ல என்கிறாள். அக்கரையில் முத்துநகையின் தாய் தினமும் விடியற்காலையில் வந்து நின்று, "வா மகளே, வந்துவிடு" என்று கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம் கடல் பொங்கிக் கதவில் அடிக்கிறது. தண்ணீர் வடிந்ததும் உப்பு நிற்கிறது. ஒரு கூப்பாட்டுக்கு ஒரு படலம். அப்படித்தான் அந்தக் கதவு ஆள் உயரப் பாறையாகிவிட்டது. ஒருநாள் தாய் கூப்பிடாமல் திரும்பி நடக்கிறாள். அன்று மழை பெய்கிறது. கதவு கரைகிறது. முத்துநகை படகில் ஏறுகிறாள்.

"அவங்கம்மாகிட்டப் போயிர்றாளா?" என்றாள் அற்புதம். முட்டை அடித்த கை நின்றுபோயிருந்தது.

"இல்ல. வேற கடலுக்குப் போயிர்றா." பிராங்க் கட்டை மூடினார். "அற்புதம், பெட்டிய எடுக்கறப்ப நீ என்ன சொன்னேன்னு நெனப்பிருக்குதா?"

அவளுக்கு மறக்குமா? இழவு வீட்டில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. வந்தவர்கள் சொல்லாமல் எழுந்து போவார்கள், போகிறவர்களை வா என்று யாரும் அழைப்பதும் இல்லை. ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்கு, கரோலின் பள்ளிக்கூடம் போகிற அதே நேரத்துக்கு, சவப்பெட்டி வாசலைத் தாண்டியபோது, அற்புதம் நிலைப்படியில் நின்று தினமும் சொல்வதையே சொல்லிவிட்டாள். "போயிட்டு வா கண்ணு. பாத்து வா." பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"சொன்ன பேச்சைக் கேக்கற புள்ளை அது" என்றார் பிராங்க். "நீ வான்னு சொன்னே. வந்துட்டே இருக்குது. எலி இல்லேன்னு எனக்கும் தெரியும். பாக்கப் பயந்துட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அற்புதம் என்ன செய்தாள் தெரியுமா? கதவை மூடினாள். பெண் வீட்டார் சொன்னது, புருஷன் படித்தது, எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். ஏழாவது கதவை மற்றக் கதவுகளைவிட இரண்டு பங்கு கனமாகப் போட்டாள். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு பூசினாள். மறுநாள் மாலை மூன்றாவது பூச்சு. வீம்பு என்று சொல்லலாம். அவளைக் கேட்டால், எந்தத் தாய் செய்ய மாட்டாள் என்று திருப்பிக் கேட்பாள். பின்பக்கம் மட்டும் அடி மதிலில் கொஞ்சம் புதிய ஐசிங்கை இளக்கமாகப் பூசிவைத்தாள், பிள்ளை வழிப்பதற்குத் தோதாக.

கல்யாண நாள் காலை, ஐந்தரை மணிக்கு அடுக்களையைத் திறந்தாள். வழக்கம்போல முதலில் பின்பக்கம் போனாள். பூசிய ஐசிங் பூசியபடி இருந்தது. தடம் இல்லை. முன்பக்கம் வந்தாள்.

ஏழாவது கதவு விரிசல் விட்டிருந்தது. நடுவில் ஒரு துண்டு பெயர்ந்து, பலகையில் வெளிப்பக்கமாக விழுந்து கிடந்தது. வெளியிலிருந்து யாராவது தட்டியிருந்தால் தூள் உள்ளே விழுந்திருக்கும். இது உள்ளேயிருந்து தள்ளியது. பெயர்ந்த ஓட்டையின் ஓரத்தில், உள்பக்கம், மூன்று சின்ன விரல்கள் அழுத்தித் தள்ளிய பள்ளம் இருந்தது. முன்பக்கத்தைத் தொடாத பிள்ளை. அற்புதத்துக்கு ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது. பிள்ளையைப் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்து.

பிராங்க் பின்னால் வந்து நின்றார். எலி என்று சொல்லவில்லை.

கார் வர இரண்டு மணி நேரம் இருந்தது. சரிக்கட்ட அரை மணி போதும். அற்புதம் பட்டர் பேப்பர் கூம்பில் ஐசிங்கை நிரப்பினாள், நுனியை வெட்டினாள், கதவருகே கொண்டுபோனாள். கை அந்தரத்தில் நின்றது. உள்ளே இருட்டாக இருந்தது. பிளம் கேக்கின் கருமைதான் அது. அவளுக்குத் தெரியும், அவள் கையால் சுட்ட கேக்தான். ஆனாலும் அந்த இருட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் வாசலில் நின்று, "அம்மா, போகட்டா" என்று கேட்கிற பார்வை.

கூம்பைக் கீழே வைத்தாள். பேனாக்கத்தியால் மிச்சக் கதவை ஓரம் ஓரமாகப் பெயர்த்து எடுத்தாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். பிள்ளையைப் பார்த்து எந்தத் தமிழ்த்தாயும் வெறுமனே சொல்லாத வார்த்தை அது, வைவதற்கு மட்டும் சொல்வார்கள்.

"போ கண்ணு" என்றாள். "போயிரு."

வா என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பிராங்க் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. கூம்பை எடுத்து, படகைக் கரையிலிருந்து தள்ளி, கோட்டைக்கு முதுகு காட்டித் திருப்பி, அலை போட்டாள். கார் வந்தபோது வேலை முடிந்திருந்தது.

காங்கேயத்தில் தேங்காய் காயப்போடும் களத்தைச் சாணம் போட்டு மெழுகி, வாழை கட்டி, குழல் விளக்குப் போட்டிருந்தார்கள். சண்முகப்ரியா கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இதேதானுங்க்கா, இதேதான்" என்று அற்புதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அத்தை ஒருத்தி, "ஏனுங்க, இதுல முட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டு, "இருக்குதுங்க" என்று சொன்னதும், "கேக்காமயே தின்னிருக்கலாம்" என்று அலுத்துக்கொண்டு ஒரு பெரிய துண்டாக எடுத்துக்கொண்டாள். கேக்கின் முதுகை எந்தப் பக்கம் வைப்பது என்று அன்று அற்புதம் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் அடுத்த கல்யாணம், மேட்டுப்பாளையத்துப் பெண். கோட்டைதான் வேண்டும் என்றார்கள். "கோட்டை போடறதில்லீங்க. ரோஜா போட்டுத் தாரேன்" என்றாள் அற்புதம். ஏன் என்று கேட்டதற்கு, கதை முடிந்துவிட்டது என்றாள். அவர்களுக்கு விளங்கவில்லை. ரோஜாவுக்குச் சம்மதித்துப் போனார்கள்.

மூன்று தட்டிலும் ரோஜா போட்டு, அடுக்களையைச் சாத்திவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் போனாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வெள்ளை, வெறும் வெள்ளை. குனிந்து பார்த்தாள், பலகையைத் திருப்பிப் பார்த்தாள், சுவரோரம் தடவினாள். அரிசி டின்னைக்கூட நகர்த்திப் பார்த்தாள். பிறகு அந்த டின்னைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வெங்கடம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிராங்க் நாற்காலிகளை எடுத்துத் தெருவில் போட்டார். பிள்ளை செத்து ஏழு வருஷம் கழித்து, அந்த வீட்டில் அன்றுதான் இழவு விழுந்தது.